விசுவேசுவர கோளகி: கிருஷ்ணைக் கரையில் ஒரு மடம்

மடம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழர்களாகிய நமக்குத் திருவாவடுதுறையும் தருமபுரமும் திருப்பனந்தாளும் நினைவுக்கு வருகின்றன. காவியுடுத்த தம்பிரான்கள், மாகேசுவர பூசை, ஏட்டுச் சுவடிகள், குத்தகை நெல் அளக்கும் களம் ஆகியவை அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டு வளர்ந்ததும் இத்தகைய மடம் ஒன்றின் நிழலிலேதான். ஆனால் அம்மடங்கள் இன்றைய உருவில் தோன்றுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்னரே, தெலுங்கு நாட்டில் கிருஷ்ணை நதியின் தென்கரையில், வேறு வகையான ஒரு சைவ மடம் இருந்தது. அதில் பள்ளியும் மருத்துவமனையும் இருந்தன. மகளிர் பிள்ளை பெறுவதற்கென்று தனியானதொரு மனையும் இருந்தது. அம்மடத்தின் கதையை அதன் கல்லே இன்றும் சொல்லி நிற்கிறது. அதைக் கண்டுவரச் சென்ற ஆண்டு சங்கராந்தி விடுமுறையில் நாங்கள் ஹைதராபாத்திலிருந்து புறப்பட்டோம்.

நாங்கள் நால்வர், நால்வரும் மத்திய அரசின் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள். பழங்கல்வெட்டுகளில் ஆர்வம் உண்டே தவிர, ஆராய்ச்சியாளர் என்று சொல்லிக்கொள்ள எங்களுள் எவருமில்லை. விஜயவாடாவில் இறங்கி, 1957-இல் கட்டி முடிக்கப்பெற்ற பிரகாசம் அணையின் மீது நதியைக் கடந்தால், முதலில் உண்டவல்லிக் குகைகள் வருகின்றன. மலையைக் குடைந்து அடுக்கடுக்காக அமைத்த அக்குகைக்கோயிலில் அனந்தசயனப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. ஆற்றோரமாகவே மேற்கு நோக்கிச் சென்றால் மந்தடம் என்ற ஊர். அதன் அருகில் மல்காபுரம். அதற்கு அப்பால் வெலகபூடி.

வெலகபூடி என்ற பெயரை ஹைதராபாத்வாசிகள் நன்கு அறிவர். 2014-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி ஆந்திரமும் தெலங்கானாவும் தனித்தனி மாநிலங்களாயின. 2015-ஆம் ஆண்டு அக்டோபரில், அமராவதி என்ற புதிய தலைநகருக்கு இப்பகுதியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. 2016-இல் ஆந்திர அரசின் தலைமைச் செயலகம் வெலகபூடிக்கு வந்தது. எங்கள் தெருவில் குடியிருந்த செயலக ஊழியர்கள் பலர் அப்பொழுதுதான் மூட்டை கட்டினார்கள். குழந்தைகளின் படிப்பை முன்னிட்டுக் குடும்பத்தை ஹைதராபாத்திலேயே வைத்துவிட்டு, வாரந்தோறும் ரயிலில் போய்வந்தவர்களும் உண்டு. புதிய தலைநகருக்காக விவசாயிகளிடம் நிலம் திரட்டிய ஊர்களுள் மந்தடமும் வெலகபூடியும் அடங்கும். எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மடத்துக்காக அரசி எழுதிக்கொடுத்த ஊர்களும் இவ்விரண்டே என்பதை அறிந்தபோதுதான் எங்களுக்கு இப்பயணத்தில் உண்மையான ஆவல் பிறந்தது.

மல்காபுரத்தில், சிதைந்துபோன சிவாலயத்தின் அருகே, ஓங்கி நிற்கிறது ஒரு கற்றூண். உச்சியில் நந்தி. தூணின் நான்கு முகங்களிலும் எழுத்து. எழுத்து பழைய தெலுங்கு. மொழி பெரும்பாலும் வடமொழி. மடம் இருந்தது என்று சுட்டிக்காட்டத்தக்க சுவரோ திண்ணையோ எங்கள் கண்ணில் படவில்லை. நாங்கள் தூணைச் சுற்றிச் சுற்றி வருவதைக் கண்ட முதியவர் ஒருவர் அருகில் வந்து, மனை ஏதேனும் வாங்கும் நோக்கத்தோடு வந்தீர்களா என்று தெலுங்கில் விசாரித்தார். கல்லைப் பார்க்க வந்தோம் என்றோம். கல்லை மட்டுமா என்று மறுபடியும் கேட்டுவிட்டு, எங்களை நம்பாதவராகவே நடந்து சென்றார். நிலத்தின் விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த ஊரில் அவருடைய ஐயம் இயல்பானதே.

கல்வெட்டின் வாசகத்தை ஜயந்தி ராமய்ய பந்துலு என்ற அறிஞர் படித்து, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆந்திர சரித்திர ஆராய்ச்சிக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலும் அது இடம் பெற்றிருக்கிறது. சக ஆண்டு 1183, துர்மதி வருடம், சைத்ர மாதம் என்று காலம் குறித்திருக்கிறார்கள், கி. பி. 1261-ஆம் ஆண்டு. ஓரங்கல்லைத் தலைநகராகக் கொண்டு காகதீயர் ஆண்ட காலம் அது. முதிய மன்னர் கணபதிதேவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவருடைய மகள் ருத்ரமதேவி ஆட்சிப் பொறுப்பை ஏற்றுவிட்டார்.

முதலில் மடத்தின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோளகி மடம் என்பது ஒரே கட்டடத்தின் பெயரன்று. அது ஓர் ஆசாரிய பரம்பரையின் பெயர். அதன் மூலம் தெலுங்கு நாட்டிலும் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை. ஜபல்பூருக்கு அருகேயுள்ள திரிபுரியிலிருந்து ஆண்ட காலசூரி மன்னர்களின் டாஹல தேசத்தில், 10-ஆம் நூற்றாண்டில், சத்பாவசம்பு என்ற ஆசாரியர் கோளகி மடத்தை நிறுவினார் என்று மல்காபுரத்துத் தூண் கூறுகிறது. யுவராஜதேவன் என்ற மன்னன் அவருக்கு மூன்று லட்சம் ஊர்களைக் காணிக்கையாகக் கொடுத்தானாம். மூன்று லட்சம் என்பது கவிஞரின் கணக்கு. கணக்குப்பிள்ளையின் கணக்காக இருக்கமுடியாது. மூலமடம் ரேவா அருகிலுள்ள குர்கி என்ற இடத்தில் இருந்தது என்பர் ஒரு சாரார். நர்மதைக் கரையிலுள்ள பேடாகாட்டில் வட்டவடிவமான யோகினி கோயில் இருக்கும் இடமே அது என்பர் மற்றொரு சாரார்.

இப்பரம்பரையில் வந்தவரே சோமசம்பு. சிவாலயக் கிரியைகளுக்கும் தீட்சைக்கும் அவர் எழுதிய பத்ததி தமிழ்நாட்டுச் சிவாசாரியர்கள் போற்றி வந்த நூல். அதைப் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு மொழியாக்கத்துடன் 1963 முதல் பல பகுதிகளாகப் பதிப்பித்தார்கள். நம் ஊர்க்கோயிலில் மணியடித்துப் பூசை செய்த சிவாசாரியருக்கும் நர்மதைக் கரை மடம் ஒன்றுக்கும் உறவு உண்டு என்று சிறுவயதில் எவரேனும் சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் கோளகி மடம் என்ற பெயர் வருகிறது.

சோமசம்புவுக்குப் பிற்பட்ட தலைமுறைகளில் விசுவேசுவர சம்பு தோன்றினார். அவர் பிறந்தது வங்காளம். கௌட தேசத்தில் தட்சிண ராடத்தைச் சேர்ந்த பூர்வக்கிராமம் அவருடைய ஊர். கணபதிதேவர் அவரிடமே சிவதீட்சை பெற்றார். அரசனின் வித்தியா மண்டபத்தில் ஆசாரியர் சடாமுடியோடு வீற்றிருந்த கோலத்தைக் கல்வெட்டு வருணிக்கிறது. சோழனும் மாளவனும்கூட அவருக்குச் சீடர் என்று அது பெருமை பேசுகிறது. அப்பெருமையில் எவ்வளவைத் தள்ளிக் கொள்வது என்பது வாசகர் விருப்பம்.

கணபதிதேவர் தம் குருவுக்கு மந்தரம் என்னும் ஊரைத் தருவதாக வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். மகள் ருத்ரமதேவி அதைச் சாசனமாக்கினார். அதோடு வெலங்கபூண்டி என்ற ஊரையும், கிருஷ்ணையின் நடுவே திட்டுகளாகக் கிடந்த லங்கை நிலங்களையும் சேர்த்துக் கொடுத்தார். அரசாங்க அலுவலகத்தில் காலங்கழித்த எங்களுக்கு இப்பகுதி மிகவும் பிடித்திருந்தது. வாய்மொழி உத்தரவு எழுத்துமூலமான உத்தரவாக மாறுவது எத்தகைய பாடு என்பதை நாங்கள் அறிவோம். மந்தரமே இன்றைய மந்தடம்; வெலங்கபூண்டியே வெலகபூடி.

ஆசாரியர் இவ்விரண்டு ஊர்களையும் ஒன்றாக்கி, விசுவேசுவர கோளகி என்று புதுப்பெயர் சூட்டினார். விசுவேசுவரருக்கு ஆலயம் எடுப்பித்தார். மடமும் அன்னசத்திரமும் கட்டினார். ஒரு பகுதி நிலத்தை அந்தணக் குடிகளுக்கு ஒதுக்கிய பிறகு, எஞ்சியதை மூன்று கூறாக்கினார். ஒரு கூறு ஆலயத்துக்கு. ஒரு கூறு மடத்துக்கும் அங்கே கல்வி பயிலும் மாணவருக்கும். மூன்றாவது கூறு பிரசூதிசாலை, ஆரோக்கியசாலை, அந்தணர் உணவுச்சாலை ஆகியவற்றுக்கு.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவருக்கு இத்தகைய இடங்களில் கால் தடுக்கும். ஆரோக்கியசாலைக்குத் தமிழ் தேடி அலைய வேண்டியதில்லை. சோழர் கல்வெட்டுகளில் ஆதுலர் சாலை என்ற அழகிய சொல் இருக்கிறது. ஆதுலர் என்றால் பிணியாளர். பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வேங்கடேசப் பெருமாள் கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை நடந்தது. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், பிணியாளரைப் பேணும் பெண்கள், நாவிதர் ஆகியோருக்குரிய ஊதியம் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அருகிலேயே பள்ளியும் மாணவர் விடுதியும் இருந்தன. ஆகவே கோயிலும் மருந்தும் பாடமும் ஒரே வளாகத்தில் அமைவது நமக்குப் புதிதன்று. பிரசூதிசாலைதான் எங்களை நிறுத்தியது. பேறுகால மனை என்று பெயர்த்தோம். அதனைத் தனியாக எடுத்து, அதற்கென்று நிலமும் வைத்த வேறொரு கல்வெட்டை நாங்கள் படித்ததில்லை. துறவு பூண்ட ஓர் ஆசாரியர், தம் மடத்தின் வரவுசெலவில் பிள்ளைப்பேற்றுக்குப் பங்கு வைத்திருக்கிறார். சாசனம் அளித்தவர் ஒரு பெண்ணரசி என்பதை இதனோடு முடிச்சுப் போட எங்களில் ஒருவர் ஆசைப்பட்டார். கல்லில் அதற்குச் சான்றில்லை என்று மற்ற மூவரும் தடுத்துவிட்டோம். ஆயினும் அந்த எண்ணம் மனத்தைவிட்டு அகலவில்லை.

மடத்துக் கல்விச்சாலையில் இருக்கு, யசுர், சாமம் ஆகிய வேதங்களுக்கு மூன்று ஆசிரியர்கள். இலக்கணம், மீமாம்சை, தருக்கம், இலக்கியம், ஆகமம் ஆகியவற்றுக்கு ஐவர். இவர்களோடு வைத்தியர் ஒருவரும் கணக்கெழுதும் காயஸ்தர் ஒருவரும் உண்டு. ஆலயத்தில் ஆடல் மகளிரும் பாடல் மகளிரும் மத்தளம் கொட்டுவோரும் இருந்தனர்; பாடுவோருள் ஒருவர் காச்மீர தேசத்தவர். ஊர்க்காவலுக்கு வீரபத்திரர் என்ற பெயருடைய வீரர்கள். பொற்கொல்லர், கன்னார், கருமார், தச்சர், கல்தச்சர், குயவர், மூங்கில் வேலை செய்வோர், நாவிதர் ஆகிய அனைவருக்கும் இடம் உண்டு.

அன்னசத்திரத்தைப் பற்றிக் கல்வெட்டு கூறுவது தனியே சொல்லத்தக்கது. அந்தணர் முதல் சண்டாளர் ஈறாக வருவோர் அனைவருக்கும் எப்பொழுதும் சோறு இடப்பட வேண்டும் என்பது அதன் ஆணை. மேற்சொன்ன அந்தணர் உணவுச்சாலை இதனினும் வேறானது என்பதையும் மறைக்கலாகாது. ஒரே பந்தியில் எல்லாரும் அமர்ந்தார்கள் என்று இக்காலத்து ஆசையைக் கல்லின்மேல் ஏற்றிச் சொல்வது முறையன்று. பசியோடு வந்தவனை எந்தக் குலத்தவன் என்று கேட்டுத் திருப்பி அனுப்பாதே என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் அதை எழுத்தில் வெட்டி, நந்தியின் அடியில் நிறுத்தினார்களே, அதுவே பெரிது.

மடத்தின் தலைவருக்கு ஊதியம் நூறு நிஷ்கம் என்று வரையறுத்திருக்கிறார்கள். அவர் நெறி தவறுவாராயின், சைவ சமூகத்தார் கூடி அவரை நீக்கிவிட்டு வேறொருவரை அமர்த்தலாம் என்பதும் விதி. தம் காலத்துக்குப் பிறகு வருபவர் எப்படியிருப்பாரோ என்று விசுவேசுவர சம்பு கவலைப்பட்டிருக்க வேண்டும். பிற்காலத்து மடங்கள் சில சொத்து வழக்குகளில் பட்ட பாட்டை எண்ணினால், அவர் கவலை வீணன்று.

இத்தனை பேரையும் வரிசையாகப் பெயர் சொல்லும் கல்வெட்டில் ஒரு வகையினர் மட்டும் தெளிவாகத் தோன்றவில்லை. ஊர்கள் இரண்டும் தானம் ஆவதற்கு முன்பே அங்கே ஏர் உழுது, நாற்று நட்டு, லங்கைத் திட்டுகளில் பயிரிட்டு வந்தவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா? ஆசிரியருக்கும் வைத்தியருக்கும் அளந்த நெல் அவர்கள் விளைத்ததே. தானசாசனங்களைப் படிக்கும்போது கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் ஒளிவிடுகின்றன. விளைத்தவர் பெயரைத் தேடினாலும் கிடைப்பதில்லை. மல்காபுரத்துத் தூணும் இதற்கு விலக்கன்று.

நம்மை மிகவும் நெருங்கிவரும் செய்தி ஒன்று இன்னும் இருக்கிறது. புதிய ஊரில் குடியேற்றிய அந்தணக் குடும்பங்கள் அறுபது. அவர்கள் திராவிட அந்தணர் என்கிறது கல்வெட்டு. குடும்பத்துக்கு இரண்டு புட்டி வீதம் 120 புட்டி நிலம் அவர்களுக்குக் கிடைத்தது. புட்டி என்பது தெலுங்கு நாட்டின் முகத்தலளவை. அத்தனை விதை கொள்ளும் நிலத்துக்கும் அதுவே பெயராயிற்று. திராவிடர் என்று ஆந்திர தேசத்தில் அக்காலத்தில் குறிப்பிடப்பட்டவர் பெரும்பாலும் தெற்கே தமிழ்நாட்டிலிருந்து வந்தவரே. இன்றைக்கும் ஆந்திரத்தில் திராவிடுலு என்ற பிரிவினர் இருக்கிறார்கள். ஆராம திராவிடர், பேரூரு திராவிடர், கோனசீமைத் திராவிடர் என்று உட்பிரிவுகளும் உண்டு. தம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் இருந்தார். தெலுங்கில் கவிதை புனைவார்; தமிழில் ஒரு சொல் தெரியாது. உங்கள் பாட்டனார் காலத்திலாவது தமிழ் பேசினார்களா என்று கேட்டால், பாட்டனாரின் பாட்டனாருக்கே தெரியாது என்று சிரிப்பார். மல்காபுரத்து அறுபது குடும்பங்களின் வழித்தோன்றல்கள் யார் என்று கல்லைக் கேட்டுப் பயனில்லை. எனினும், பிழைப்பு நாடி ஹைதராபாத்துக்கு வந்து, பிள்ளைகள் தெலுங்கிலும் இந்தியிலும் சண்டை போட்டுக்கொள்வதை நாள்தோறும் கேட்கும் எங்களுக்கு, அந்த வரியைப் பெயர்த்தெழுதுகையில் பேனா சற்று நின்றது.

எண்ணிப் பார்த்தால் அந்த ஊரில் வெளியூராரே அதிகம். தலைவர் வங்காளி; பரம்பரை நர்மதைக் கரையது; அந்தணர் தெற்கத்தியர்; பாடகர் காச்மீரத்தார். ஆதரித்தவர் மட்டும் தெலுங்கு அரசி.

விசுவேசுவர சம்பு நிறுவியது இவ்வொரு மடம் மட்டுமன்று. கோதாவரிக் கரையிலுள்ள காளேசுவரத்திலும், கிருஷ்ணைக் கரையிலுள்ள ஏலேசுவரத்திலும் அவர் மடங்கள் அமைத்ததை இக்கல்வெட்டே தெரிவிக்கிறது. ஏலேசுவரம் ஹைதராபாத்துக்கு அண்மையது. நல்கொண்டா மாவட்டத்தைச் சேர்ந்தது. நாகார்ஜுனசாகர் அணை எழும்பியபோது, ஆற்றின் தென்புறத்தில் நாகார்ஜுனகொண்டாவின் பௌத்த விகாரங்களைப் போலவே, வடபுறத்தில் ஏலேசுவரமும் நீரில் மூழ்கவேண்டியதாயிற்று. மூழ்குமுன், 1960-களின் தொடக்கத்தில், மாநிலத் தொல்பொருள் துறையினர் அங்கே அகழ்ந்து ஆராய்ந்து, 1963-இல் ஹைதராபாத்திலிருந்து நூலும் வெளியிட்டார்கள். நாகார்ஜுனகொண்டாவைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். ஏலேசுவரத்தின் பெயரை ஹைதராபாத்திலேயே பலர் அறியார்.

கணபதிதேவர் 1262-ஐ ஒட்டி மறைந்தார். ருத்ரமதேவியின் மரணத்தைச் சந்துபட்லா என்ற ஊரின் 1289-ஆம் ஆண்டுக் கல்வெட்டிலிருந்து அறிகிறோம். அவருக்குப் பின் வந்த பிரதாபருத்ரன் காலத்தில், 1323-இல், டில்லிப் படை ஓரங்கல்லைக் கைப்பற்றியது. சிறைப்பட்டு வடக்கே கொண்டுசெல்லப்பட்ட அம்மன்னன் வழியில் நர்மதைக் கரையில் உயிர்விட்டான் என்று ஒரு சாசனம் கூறுகிறது. காகதீயரின் குருமரபு தோன்றிய நாட்டை ஒட்டி ஓடும் அதே நதி. ஆதரித்த அரசு போனபின், ஆந்திரக் கல்வெட்டுகளில் கோளகி ஆசாரியர்களின் பெயர்கள் அருகிப்போயின. நாட்டில் வீரசைவ மடங்கள் ஓங்கின.

ஆசாரியர் ஆவலோடு சூட்டிய விசுவேசுவர கோளகி என்ற பெயர் இன்று அப்பகுதியில் எவர் வாயிலும் இல்லை. அதற்கு முன்பிருந்த மந்தடமும் வெலகபூடியும் சிறிதே உருமாறி நிலைத்துவிட்டன. மாலையில் நாங்கள் விஜயவாடா திரும்பிய பேருந்தின் நெற்றிப் பலகையில் அப்பெயர்கள் இரண்டும் இருந்தன.

காண விரும்பும் அன்பர்கள் விஜயவாடாவிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய் வந்துவிடலாம். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்துகள் நன்கு தெரிகின்றன, உச்சிப்பொழுதில் தெரிவதில்லை. தெலுங்கு எழுத்து அறிந்த நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. நந்தி இருக்கும் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, தூணின் கீழ்ப்பகுதியிலும் எழுத்து இருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது.